போன்ல டிரைவர் பேசுற இங்கிலீஷ் ஒரே இரைச்சலா கேக்குது, வார்த்தை வார்த்தையா எப்படிப் பிரிக்கிறது?

நைட்ஷிஃப்ட்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர்ல ஒரு டிரக் டிஸ்பாட்ச் ஆபீஸ்ல சேர்ந்திருக்கேன். அமெரிக்கால ஒண்ணு ரெண்டு லாரி வெச்சு ஓட்டுற சின்ன ஓனருங்களுக்கு இங்கிருந்தே லோடு பிடிச்சுக் குடுக்குற வேலை. சாயங்காலம் ஹெட்செட் மாட்டினா விடியக்காலைல தான் கழட்டுவோம். லோடு போர்டுல (எந்தச் சரக்கு எங்க காத்திருக்குன்னு போடுற வெப்சைட்) தேடுறது, ரேட் கன்ஃபர்மேஷன் (வாடகை, நேரம் எல்லாம் உறுதி பண்ற காகிதம்) வாங்குறது, அட்ரஸ் அனுப்புறது எல்லாம் கை பழகிருச்சு. மெயில்ல ஒரு தொந்தரவும் இல்லைங்க. லோடு குடுக்குற புரோக்கர் பேசுறதும் முக்கால்வாசி பிடிபடுது. டிரைவர் போன் பண்ணினாத்தான் வயித்தக் கலக்குது.

ஜார்ஜியாக்காரர் ஒருத்தர் இருக்கார், நல்ல மனுசன். நேத்து அவர் சொன்னது எனக்கு இப்படித்தான் கேட்டுச்சு: "ஐமடஷிப்பர்ன்டேய்ன்லோரட்மீயெட்". அதுல "ஷிப்பர்" மட்டும் தனியாத் தெரிஞ்சுது. எங்க டீம் லீடர் ரெக்கார்டிங்க போட்டுக் கேட்டு பேப்பர்ல எழுதிக் காமிச்சார்: "ஐ ஆம் அட் த ஷிப்பர் அண்ட் தே ஏய்ன்ட் லோடட் மீ யெட்". ஷிப்பர் (சரக்கு அனுப்புறவங்க) குடோன்ல நிக்கிறேன், இன்னும் லோடு ஏத்தல. இவ்வளவுதான்! இதுல எனக்குத் தெரியாத வார்த்தை ஒண்ணாவது இருக்குதா? எழுதிக் குடுத்தா பள்ளிக்கூடத்துப் பையன் படிப்பான். காதுல விழும்போது மட்டும் ஏன் ஒட்டிக்கிட்டு வருது?

கேட்டா எல்லாரும் "படம் பாரு, படம் பாரு"ங்கிறாங்க. பாக்குறேனுங்க. சப்டைட்டில் இருந்தா எல்லாம் புரியுது, எடுத்துட்டா பழைய குருடி கதவைத் திறடி. ஸ்பீடக் குறைச்சுக் கேட்டா பலன் உண்டா? வொக்காபுலரி பத்தலையா, காதே மந்தமா, இல்ல அவிங்க ஆக்சென்ட்தான் காரணமா? இதே வேலையில இருக்குறவங்க யாராவது சொல்லுங்க.

ரீஃபர்மணி

தம்பி, நான் நாமக்கல். அப்பா காலத்துல இருந்து எங்க வீட்டுல லாரிதான் சோறு போடுது, இப்ப நான் வேற நாட்டு லாரிக்கு லோடு பிடிக்கிறேன். அதை விடு.

காது மந்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. டிரைவர் போன்ல என்ன கதையா சொல்லப்போறான்? எங்க நிக்கிறான், கேட்ல செக்-இன் ஆச்சா, டாக் (லோடு ஏத்தி இறக்குற எடம்) குடுத்தாங்களா, லோடு ஏறுச்சா, பிஓஎல் (சரக்குச் சீட்டு) கைக்கு வந்துச்சா, சீல் நம்பர் என்ன. ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்க வெச்சுட்டா டிடென்ஷன் (காத்திருந்ததுக்குக் காசு) கேப்பான். இறக்குற எடத்துல லம்பர் (சரக்கு இறக்குற கூலியாள்) காசு கேட்டா அதுக்கு ஒரு போன். ரீஃபர் (குளிர்பதன) வண்டின்னா டெம்பரேச்சர். சுத்திச் சுத்தி இதான். போன் அடிக்கும்போதே "இந்நேரம் இவன் டாக்குல இருக்கணும், இதத்தான் சொல்லுவான்"னு மனசுல எடுத்து வெச்சுக்க. அப்புறம் காதுக்குப் பாதி வேலைதான் மிச்சம்.

ஊர்ப் பேர மட்டும் தனியாப் படி. அட்லாண்டாவ அந்த ஊர்க்காரன் "அட்லானா"ம்பான். லூயிவில் "லூவல்" ஆயிரும், பால்டிமோர் "பால்மர்" ஆயிரும். டெக்சாஸ்ல இருக்கிற ஊர் ஹியூஸ்டன். ஜார்ஜியால அதே ஸ்பெல்லிங்ல ஒரு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) இருக்கு, அத "ஹௌஸ்டன்"னுதான் சொல்லணும். மேப்ல பாத்துப் படிச்சா இதெல்லாம் வராது, டிரைவர்ங்க வாயில கேட்டு ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கணும்.

நம்பர் எதுவா இருந்தாலும் திருப்பிச் சொல்லு. பதினஞ்சா ஐம்பதான்னு சந்தேகம் வந்தா "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஸீரோ"ன்னு கேளு. எவனும் கோச்சுக்க மாட்டான்.

மிதிக்கட்டை

நைட்ஷிஃப்ட் தம்பி, நான் சேலம். கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சு பிள்ளைங்க காலேஜ் போற வரைக்கும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்ல இருந்தேன். (உங்க டிரைவருங்க "எம்டி"ன்னு மெசேஜ் போட்டா லாரி காலின்னு அர்த்தமாமே. எங்களுக்கு எம்டின்னா இந்த வேலைதான்.) அமெரிக்காவுல டாக்டர் நோயாளியைப் பார்த்து முடிச்சதும் ரெக்கார்டர்ல கடகடன்னு பேசிட்டுப் போயிருவார். நாங்க ராத்திரியில உக்காந்து ஃபுட் பெடலை மிதிச்சு மிதிச்சு அதைக் கேட்டு டைப் அடிக்கணும். 65 எழுத்து சேர்ந்தா ஒரு லைன், லைன் கணக்குல காசு. ஒரு இடத்துல திரும்பத் திரும்பப் பெடலை மிதிச்சா அன்னிக்குச் சம்பளம் போச்சு. அதனால இங்கிலீஷ் வாக்கியத்துல எந்த இடம் காதுல விழாம நழுவும்னு எனக்கு உடம்புலயே ஏறிப்போச்சு.

மணி சொன்னது நல்ல யோசனைதான், ஆனா அதுல ஒரு குழி இருக்கு. சூழ்நிலையை வெச்சு ஊகிக்கிறவங்க, எதிர்பார்த்ததைத்தான் கேப்பாங்க. டாக்டர் "பேஷண்ட் வாஸ் ஃபெப்ரைல்"னு சொன்னா ஜுரம் இருந்துச்சு. "பேஷண்ட் வாஸ் ஏஃபெப்ரைல்"னு சொன்னா ஜுரம் இல்ல. நடுவுல ஒரே ஒரு "ஏ". டாக்டர் கொட்டாவி விட்டுக்கிட்டே அதை முழுங்கிட்டார்னா, ஆபரேஷனுக்கு மறுநாள் நோயாளிக்கு ரெண்டுல எதுவும் இருக்கலாமே, எந்தச் சூழ்நிலை வந்து காப்பாத்தும்? சிம்ப்டமாட்டிக் (அறிகுறி இருக்கு), ஏசிம்ப்டமாட்டிக் (அறிகுறி இல்ல) கதையும் அதேதான். ஹைப்போடென்ஷன் (லோ பிபி), ஹைப்பர்டென்ஷன் (ஹை பிபி) கதையும் அதேதான். சந்தேகம்னா இடத்தைக் காலியா விட்டு, எத்தனையாவது நிமிஷம்னு குறிச்சு க்யூஏவுக்கு (நாங்க அடிச்சதைச் சரிபார்க்கிறவங்க) அனுப்பிரணும். ஊகிச்சு நிரப்பக் கூடாது. இது எங்க தொழிலோட முதல் சட்டம். உங்க ஜார்ஜியாக்காரர் வாக்கியத்துலயும் பாருங்க. "ஷிப்பர்", "லோடட்" ரெண்டும் காதுல விழுந்து, "இல்ல"ங்கிற அர்த்தத்துல வர்ற "ஏய்ன்ட்" நழுவிருச்சுன்னா, இன்னும் லோடு ஏறாத வண்டி காகிதத்துல கிளம்பிப் போயிரும்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். வொக்காபுலரி இல்லை, காது மந்தம் இல்லை. உங்க தலைக்குள்ள இருக்கிற வார்த்தை வேற, காத்துல வர்ற வார்த்தை வேற. நாம இங்கிலீஷை முதல்ல கண்ணால படிச்சவங்க. டீச்சரும் "ஐ, ஹேவ், டு, கோ"ன்னு ஒவ்வொண்ணையும் கல்லுல வெட்டுன மாதிரி வாசிச்சுக் குடுத்தாங்க. அதனால "டு"ன்னா முழுசா "டூ"ன்னு வரும், "அண்ட்"ன்னா கடைசி எழுத்து வரைக்கும் வரும்னு காது காத்துக்கிட்டு இருக்கு. அது வரவே வராது. "அண்ட்" வெறும் "ன்" ஆகிரும். "டு" வெறும் "ட". "ஃபார்" வெறும் "ஃபர்". "ஹேவ்" சில சமயம் "அவ்", சில சமயம் வெறும் "அ". "டெல் ஹிம்"னாலும் "டெல் தெம்"னாலும் அவங்க வாயில "டெல்லம்"தான். அவனா அவங்களாங்கிறது முன்னாடி யாரைப் பத்திப் பேசினாங்கன்னு பார்த்துத்தான் தெரியும். "வாட் டு யூ ஹேவ்" எனக்கு முதல் வருஷம் பூரா ஏதோ ஊர்ப் பேராத்தான் கேட்டுச்சு: "வாடயாவ்".

நாமளும் இதையேதான் பண்றோம். "வந்துகொண்டிருக்கிறான்"னு யார் வீட்டுலயாவது பேசுறாங்களா? "வந்துட்ருக்கான்". புத்தகத்துல தமிழ் படிச்சுட்டு நேரா ஈரோடு பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்குற வெளியூர்க்காரரை நெனச்சுப் பாருங்க. அவர் பாடுதான் உங்க பாடு.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, அதைப் பிடிச்சாத்தான் வழி பிறக்கும். தமிழ்ல எந்த எழுத்தையும் நாம ஓரளவு சமமாத்தான் நடத்துறோம். இங்கிலீஷ்காரங்க அப்படி இல்லை. வாக்கியத்துல நாலு இடத்துல ஓங்கி அடிப்பாங்க, மிச்சத்தை வாய்க்குள்ளயே மென்னுருவாங்க. "ஷிப்" அடி, "ஏய்ன்ட்" அடி, "லோ" அடி, "யெட்" அடி. "ஐமடன்" எல்லாம் ரெண்டு அடிக்கு நடுவுல இருக்குற தூசி. நீங்க என்ன பண்றீங்கன்னா, முதல் தூசியைப் பிரிச்சுப் படிக்கப் போறீங்க, அதுக்குள்ள அடுத்த ரெண்டு அடியும் தாண்டிப் போயிருது. "ஒட்டிக்கிட்டு வருது"ங்கிறீங்களே, அது இதுதான். முதல்ல அடியைப் பிடிங்க, தூசியை அப்புறம் துடைச்சுக்கலாம்.

இங்க நான் ரொம்ப நேரம் செலவழிச்ச ஒரு விஷயத்தைச் சொல்லணும். "கேன்", "கான்ட்" விவகாரம். முடியும், முடியாது. லாரிக்காரங்களுக்கும் இது உயிர்நாடிதானே? அமெரிக்கர் "ஐ கேன்ட் மேக் இட்"னு சொல்லும்போது கடைசி "ட்" அனேகமா வெடிக்காது, தொண்டையில நின்னுரும். "ட்" வருதான்னு காது குடுத்துக் கேட்டா ஏமாந்து போவீங்க. அவங்களே அதை வெச்சுக் கண்டுபிடிக்கிறதில்லை. முடியும்னா "கேன்" அடியில்லாம சுருங்கி "க்ன்" ஆகிரும், அடி அடுத்த வார்த்தை மேல விழும்: "ஐ க்ன் மேக் இட்". முடியாதுன்னா "கேன்" முழு உயிரெழுத்தோட, அடியோட வரும்: "ஐ கேன் மேக் இட்". நம்ம காதுக்கு முழுசா, தெளிவா "கேன்"னு கேட்டா பெரும்பாலும் அது "முடியாது"தான்! சரியா தலைகீழ். இது ஒண்ணு விளங்கினதும், அதுவரைக்கும் க்யூஏகிட்ட இருந்து சிவப்பா திரும்பி வந்துக்கிட்டு இருந்த என் ஃபைல்கள் பாதியாக் குறைஞ்சுது.

தேர்ட்டி, தேர்ட்டீன் விஷயமும் அப்படித்தான். முப்பதுல நடுவுல இருக்கிற "ட்" அமெரிக்க வாயில கிட்டத்தட்ட நம்ம "ர" ஆகிரும்: "தர்ரி". பதிமூணுல "ட்" காத்தோட வெடிக்கும், "டீன்" நீளும். கடைசி எழுத்தைத் தேடாதீங்க, நடு எழுத்தைக் கேளுங்க. மணி சொன்ன மாதிரி திருப்பிக் கேக்குறதும் நல்லது, அதுல எனக்குத் தகராறே இல்லை.

பயிற்சி எப்படின்னா, பெடல் முறைதான். ஆபீஸ்ல அனுமதி குடுத்தா பழைய போன் ரெக்கார்டிங், இல்லைன்னா யூடியூப்ல லாரி டிரைவருங்களே வண்டி ஓட்டிக்கிட்டுப் பேசுற வீடியோ. ஒரு மூச்சுல பேசுற அளவுக்கு மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்க. முதல் தடவை அடி விழுந்த இடங்களை மட்டும் எழுதுங்க, நடுவுல கோடு போட்டு விடுங்க. அடுத்த தடவை கோட்டை நிரப்புங்க. புரியலைன்னா காலியாவே இருக்கட்டும், கை அரிச்சாலும் ஊகிக்காதீங்க. அப்புறம்தான் சரியான எழுத்தைப் பார்க்கணும். எங்க காலியா விட்டீங்களோ அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓடவிட்டு, அதே வேகத்துல நீங்களும் வாயால சொல்லிப் பாருங்க. வாயில வராதது காதுல விழாது. முழுப் படம் பார்க்குறதை விட இது போரடிக்கும்தான், ஆனா காது திறக்கும்.

ஸ்பீடைக் குறைக்காதீங்க. அவர் சொல்லாத எழுத்தை ஸ்லோவாப் போட்டா மட்டும் சொல்லிருவாரா? "ன்"தான் கொஞ்சம் நீளமா "ன்ன்ன்"னு வரும்.

அரைமாத்திரை

மிதிக்கட்டை அக்கா தொழிலில் கண்டதை உளவியல் சோதனைக்கூடத்திலும் கண்டிருக்கிறார்கள். நான் இந்தத் துறையில் படித்தவன் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில் ஓர் ஆறுதல். 1964இல் போலக், பிக்கெட் என்ற இருவர், ஆங்கிலமே தாய்மொழியாகப் பேசுவோரின் உரையாடலைப் பதிவு செய்து, அதிலிருந்து ஒற்றைச் சொற்களை வெட்டி எடுத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். ஏறத்தாழ பாதிச் சொற்கள்தாம் அவர்களுக்குப் பிடிபட்டன. அதாவது அந்த "ன்"னைத் தனியே கேட்டால் உங்கள் ஜார்ஜியாக்காரருக்கும் அது "அண்ட்" என்று தெரியாது. முன்னும் பின்னும் இருப்பதை வைத்தே அவரும் கட்டியெழுப்புகிறார். அவருக்கு அது வேகமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி. ஆன் கட்லர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் (2022இல் காலமானார், நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் நெடுங்காலம் இயக்குநராக இருந்தவர்) வாழ்நாள் முழுக்க இதைத்தான் துருவினார். அவரும் கார்ட்டரும் 1987இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆங்கிலப் பேச்சில் வரும் பொருட்சொற்களில் (பெயர், வினை போலத் தனிப்பொருள் தரும் சொற்கள்) ஏறக்குறைய 90 விழுக்காடு அழுத்தமான அசையில்தான் தொடங்குகின்றன. ஆகவே ஆங்கிலேயரின் காது, அழுத்தமான அசை வந்ததும் "இதோ புதுச்சொல்" என்று வெட்டிவிடுகிறது. அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு 1992இல் பட்டர்ஃபீல்டுடன் சேர்ந்து செய்த ஒரு சோதனை உண்டு. காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும் அளவுக்கு மெல்லிய ஒலியில் "கன்டக்ட் அசென்ட்ஸ் அப்ஹில்" என்று ஒலிக்கவிட்டார்கள். மலையேற்றத்தைப் பற்றிய அந்தச் சொற்றொடர் சிலருக்கு டாக்டர் பில் அனுப்புகிறார் என்று கேட்டது! "டக்ட்", "சென்ட்ஸ்", "ஹில்" என்று அழுத்தம் விழுந்த இடத்திலெல்லாம் வெட்டியதன் விளைவு. அக்கா சொல்லும் ஏஃபெப்ரைல் அந்த வகையில் வரும் தொல்லைதான்: முன்னால் ஒட்டிய அசை மங்கினால், காது அடுத்த வலுவான அசையிலிருந்து சொல்லைத் தொடங்கிவிடுகிறது.

நம் காது எதை வைத்து வெட்டுகிறது? இங்கேதான் எனக்குப் பிடித்த ஆய்வு வருகிறது. ஒரு சிறு துணுக்கைச் சொல்லி, அது வரும் சொல்லைக் கேட்டவுடன் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். ஜப்பானியர்கள் "தன்" என்ற துணுக்கை "தன்ஷி" என்ற சொல்லில் எளிதாகப் பிடித்தார்கள். "தனிஷி" என்ற சொல்லில் தவறவிட்டார்கள், ஏனென்றால் அங்கே "ன" அடுத்த அலகான "னி"யைச் சேர்ந்தது. அசையையோ அழுத்தத்தையோ அல்ல, அதைவிடச் சிறிய ஒரு கால அளவை அவர்கள் எண்ணுகிறார்கள். 2007இல் மூர்த்தி, ஒட்டாகே, கட்லர் மூவரும் இதைத் தெலுங்கர்களிடம் செய்து பார்த்தார்கள். இரண்டு மொழிக்கும் உறவே கிடையாது. ஆனாலும் தெலுங்கர்களின் பதில்கள் ஜப்பானியர்களுடையதைப் போலவே இருந்தன.

அந்தக் கால அளவை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியமே மாத்திரை வகுத்துக் கொடுத்திருக்கிறது. (என் பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.) தெலுங்குக்குப் பக்கத்துவீட்டு மொழி பேசும் நமக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய காலத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காதுதான் வாய்த்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. இது குறை அல்ல. தமிழைக் கேட்க மிகச் சரியான கருவி. ஆங்கிலத்துக்கு மட்டும் பொருந்தாத கருவி.

ஜான் ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரின் 2008ஆம் ஆண்டு ஆய்வும் உங்களுக்கு உதவும். ஆங்கிலம் கற்கும் பல தாய்மொழிக்காரர்களைச் சோதித்ததில், பொருட்சொற்களைவிட "ஆஃப்", "டு" போன்ற இணைப்புச் சொற்களைத்தான் அவர்கள் அதிகம் தவறவிட்டார்கள். அவைதாம் மிக எளிய, முதல் வாரத்தில் கற்ற சொற்கள். சொல்வளம் போதவில்லையா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியாது.

நைட்ஷிஃப்ட்

அக்கா, அண்ணே, அரைமாத்திரை சார், எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா சொன்ன பெடல் முறைய (பெடல் இல்லாம, கீபோர்டுல ஸ்பேஸ் பார் தட்டித்தான்) பண்ணிட்டு வர்றேன். கோடு போட்டு விடுறது நல்லா வேலை செய்யுதுங்க, ஏன்னா எது தெரியலைன்னு இப்பத் தெரியுது. முன்னாடியெல்லாம் மொத்தமா "புரியல"ன்னு மட்டும்தான் தெரியும். "கேன்" விசயம் அப்படியே நெசமுங்க.

மூணு சந்தேகம். ஒண்ணு, டிரைவர் டெலிவரி டைம் "டின்"னு சொன்னார். ரெண்டு மூணு தடவ ஓடவிட்டுட்டேன், தகர டின்னுதான்! ரேட் கன்ஃபர்மேஷன்ல பத்து மணின்னு இருக்கு. ரெண்டாவது, அதே மனுசன் வாட்ஸப்ல வீடியோ அனுப்புனா புரியுது, போன்ல புரியல. ஏன்? மூணாவது, சப்டைட்டில் போட்டுப் பாக்குறத அடியோட நிறுத்திரணுமா? என் ரூம்மேட் தமிழ் சப்டைட்டில் போட்டாப் போதும், காது தன்னால பழகிரும்ங்கிறான்.

ரீஃபர்மணி

டின்னு பத்துதான் தம்பி. தெற்கத்திக்காரன் வாயில "டென்" எல்லாம் "டின்"தான். "பென்"னுக்கும் "பின்"னுக்கும் அவனுக்கு வித்தியாசமே கெடையாது. பேனா வேணும்னா "இங்க் பின்"னு தனியாச் சொல்லுவான், பாத்துக்க. "எ" சத்தத்துக்குப் பின்னாடி "ம்", "ன்" வந்தா மட்டும்தான் இந்தக் கூத்து. "பெட்" "பிட்" ஆகாது.

அக்கா, ஊகம் பண்ணக் கூடாதுங்கிறீங்க, ஒத்துக்கறேன், ஆனா நீங்க ரெக்கார்டிங்க திருப்பிப் போட்டுக் கேட்டவங்க. எனக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் ஹைவேல செம கடுப்புல இருக்கான். நான் பெடல மிதிக்க முடியாது. ஊகிப்பேன், ஊகிச்சத உடனே அவன்கிட்டயே கேட்டு உறுதி பண்ணிக்குவேன். "சோ யூ ஆர் நாட் லோடட், ரைட்?" அவ்வளவுதான்.

மிதிக்கட்டை

மணி, கேட்டு உறுதி பண்ணிக்கிட்டா அதுக்குப் பேர் ஊகமே இல்லைப்பா. எங்களுக்கு டாக்டர்கிட்ட திருப்பிக் கேக்குற வசதி இல்லை, அதனாலதான் காலி இடம்.

தம்பி, ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ஒரே டிரைவர் குரலை வெச்சே பழகாதீங்க. எங்க வேலையில ஒரே டாக்டர் ஃபைலை மாசக்கணக்கா அடிச்சவங்க அவருக்கு மட்டும் பொன்னு மாதிரி அடிப்பாங்க, ஆள் மாறினா அன்னிக்கே தடுமாறுவாங்க. ஜார்ஜியாக்காரர் பிடிபட்டதும் ஒரு டெக்சாஸ்காரர், ஒரு சிகாகோக்காரர், ஒரு பொம்பளை டிரைவர்னு மாத்தி மாத்தி எடுத்துக்கங்க. அமெரிக்காவுல லாரி ஓட்டுறவங்கள்ல பஞ்சாபிங்களும், ரஷ்ய மொழி பேசுறவங்களும், ஸ்பானிஷ்காரங்களும் நிறைய இருக்காங்க. அவங்க இங்கிலீஷ்ல அடி வேற மாதிரி விழும், இந்த வித்தையெல்லாம் அங்க அப்படியே செல்லாது. எங்களுக்கும் வெளிநாட்டு டாக்டருங்க ஃபைல்னு தனியா ஒரு ரகம் இருந்துச்சு, அதை யார் தலையில கட்டுறதுன்னு ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பஞ்சாயத்து நடக்கும்.

அரைமாத்திரை

அக்கா சொன்ன "குரலை மாற்று" என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. ஜப்பானியருக்கு "ர", "ல" வேறுபாட்டைக் கற்றுக்கொடுக்க 1991 வாக்கில் லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் பயிற்சி அளித்தபோது, வேண்டுமென்றே பல பேருடைய குரலைப் பயன்படுத்தினார்கள். 1993இல் அவர்களே வெளியிட்ட அடுத்த ஆய்வில், ஒரே குரலில் பயின்றவர்கள் புதுக்குரலைக் கேட்டதும் கற்றதை இழந்தார்கள். பல குரல்களில் பயின்றவர்களுக்கு அது புதியவர்களின் பேச்சிலும் நின்றது.

தொலைபேசி பற்றி: வழக்கமான தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்துகிறது. "ஸ்", "ஃப்" போன்ற உரசொலிகளைப் பிரித்துக்காட்டும் பகுதி பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. ஆகையால் "எஸ்", "எஃப்" இரண்டும் போனில் ஒன்றுபோல் ஒலிக்கும்; "எஸ் ஃபார் சாம், எஃப் ஃபார் ஃபிராங்க்" என்று எழுத்துக்கூட்டுவதற்குக் காரணமும் அதுதான். வாட்ஸப் வீடியோவில் அந்த மேல்பகுதி வெட்டுப்படாமல் வருகிறது, போதாக்குறைக்கு உதடும் தெரிகிறது. லாரி எஞ்சின் இரைச்சலும் நம்மைத்தான் அதிகம் படுத்தும். மேயோ, ஃபுளோரன்டைன், பூஸ் ஆகியோரின் 1997ஆம் ஆண்டு ஆய்வில், ஆங்கிலத்தைச் சிறுவயதிலேயே கற்ற, மெக்சிகோ ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இரைச்சலை ஓரளவு தாங்கினார்கள். பதினான்கு வயதுக்குப் பிறகு கற்றவர்கள், அமைதியில் நன்றாகப் புரிந்துகொண்டும், இரைச்சல் கூடியதும் விரைவில் தடுமாறினார்கள்.

சப்டைட்டில் விஷயத்தில் உங்கள் ரூம்மேட் சொல்வது தலைகீழ். 2009இல் மிட்டரர், மெக்குவீன் இருவரும் டச்சுக்காரர்களுக்கு ஸ்காட்லாந்து உச்சரிப்பும் ஆஸ்திரேலிய உச்சரிப்பும் கொண்ட ஆங்கிலக் காட்சிகளை 25 நிமிடம் போட்டுக் காட்டினார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பைப் புதிய வாக்கியங்களில் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்குப் புதிய வாக்கியங்களில் அது கெட்டது. எழுத்து ஒலியோடு பொருந்தினால், "ஓ, இந்த ஆள் வாயில இந்தச் சொல் இப்படி வருமா" என்று காது கற்கிறது. தாய்மொழி எழுத்தாக இருந்தால் கண் பொருளை எடுத்துக்கொண்டு காதை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே நிறுத்த வேண்டாம், தமிழ் சப்டைட்டிலை மட்டும் விடுங்கள். இன்னொன்று: யூடியூப் தானாகப் போடும் எழுத்தை இந்தப் பயிற்சிக்கு முழுதாக நம்பாதீர்கள். அது இடறுவதும் பெரும்பாலும் அக்கா சொன்ன அதே "தூசி"யில்தான்.

நைட்ஷிஃப்ட்

ரூம்மேட்டுக்கு இத அப்படியே ஃபார்வர்ட் பண்ணிட்டேனுங்க, இன்னும் பதில் இல்ல. அக்கா, பஞ்சாபி டிரைவர் ஒருத்தர் எங்க லிஸ்ட்ல இருக்கார், அவர் பேசுறது எனக்கு மொதல்ல இருந்தே வார்த்தைக்கு வார்த்தை புரியுதுங்க. எங்க டீம் லீடருக்குத்தான் புரியல. பஞ்சாபிக்காரர் போனை லீடர் என்கிட்ட தள்ளி விடுறார், பதிலுக்கு நான் ஜார்ஜியாவ அவர்கிட்ட தள்ளலாமான்னு பாக்குறேன்.

மிதிக்கட்டை

தள்ளாதீங்க. பஞ்சாபிக்காரரை வாங்கிக்கங்க, ஜார்ஜியாவையும் வெச்சுக்கங்க.